தேடாமலே ‘இல்லை’ என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், சின்னக் குழந்தைகளோடு சேர்ந்து படிக்கப் பத்துப் படப்புத்தகங்களைப் பரிந்துரைத்திருந்தீர்கள். பத்தும் ஆங்கிலம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் கட்டுரையின் கடைசியில், இந்த வயதுக்குத் தமிழில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை என்று ஒரு வரி. மூன்று நாளாகியும் மனம் ஆறவில்லை.

தாங்கள் அறியாததல்ல. சென்னையிலேயே 1996 முதல் தூலிகா பதிப்பகம் இருக்கிறது. ஒரே படப்புத்தகத்தைத் தமிழிலும் மற்ற இந்திய மொழிகளிலும் அச்சிடுகிறார்கள். 1957இல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட், ஏழை வீட்டுக்கும் கட்டுப்படியாகும் விலையில் தமிழ்ப் படப்புத்தகங்கள் போடுகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் காசில்லாமலே தரவிறக்கிக்கொள்ளலாம். இவற்றில் ஒன்றைக்கூடப் புரட்டிப் பார்க்காமல் ‘இல்லை’ என்று எழுத எப்படி மனம் வந்தது?

என் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது, மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கண்காட்சிக்கு வரும். வழவழப்பான தாள், பக்கம் முழுக்கப் படம். சோவியத் நாடு உடைந்ததோடு அந்த வரத்து நின்றது. அதற்குப் பிறகு இங்கே நம்மவர்கள் பாடுபட்டுப் புத்தகம் போடுகிறார்கள். அவர்களைத்தான் ஒரே வரியில் இல்லாமல் ஆக்கிவிட்டீர்கள்.

29 ஆண்டுகள் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள் நான். ஒருநாள் எழுத்தே இல்லாத படப்புத்தகம் ஒன்றைப் பிள்ளைகள் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தை மெதுவாகப் புரட்டினேன். ‘இது என்ன, அது என்ன’ என்று கேள்வி கேட்கவில்லை; கேட்டால் அது பாடமாகிவிடும். சேர்ந்து ஆறு மாதமாகியும் வாய் திறக்காத ஒரு பையன் எழுந்து வந்து, பக்கத்தின் ஓரத்தில் விரலை வைத்து, ‘அந்தா, பூனை’ என்றான். கதவுக்குப் பின்னால் வால் மட்டும் தெரிந்தது. நான் பல முறை புரட்டிய பக்கம். அந்த வாலைக் கண்டதே இல்லை. அன்றிலிருந்து அவன் பேசினான். அவனுடைய முதல் சொல் அவன் வீட்டில் பேசும் மொழியில் வந்தது. அந்த மொழியில் புத்தகமே இல்லை என்று படிக்கும் ஒரு தாய் என்ன நினைப்பாள்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மையத்துக்கு வந்த புத்தகங்களை நான் பிள்ளைகள் கையில் கொடுத்தேன். இரண்டின் அட்டை கிழிந்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரி இருப்புப் பதிவேட்டை நீட்டி, பிள்ளைகள் முன்னாலேயே என்னைக் கடிந்துகொண்டார். பீரோவில் வைத்துப் பூட்டியிருந்த பக்கத்து ஊர் மையத்துக்குப் பாராட்டு கிடைத்தது. மூன்று வயதுப் பிள்ளை தொட்டால் தாள் கிழியத்தான் செய்யும். மைதாப் பசை காய்ச்சி ஒட்டினால் சரியாகிவிடும். நான் அப்படித்தான் ஒட்டினேன், ஓய்வுபெறும் நாள் வரை.

தங்கள் நாளிதழிலோ நவம்பர் 14 வந்தால்தான் குழந்தை நூல்கள் நினைவுக்கு வருகின்றன. விடுமுறை தொடங்கினால் கைப்பேசியைக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள் என்று அறிவுரை வருகிறது. அதற்குப் பதிலாக எதைக் கொடுப்பது என்று ஒருமுறையாவது தமிழ்ப் புத்தகத்தின் பெயரைச் சொல்லி எழுதியதுண்டா? நாற்பது ஆண்டு வாசகி என்ற உரிமையில் கேட்கிறேன்.

நான்கு வரித் திருத்தம் ஒன்று வெளியிடுங்கள். மாதம் ஒரு தமிழ்ப் படப்புத்தகத்தின் அட்டையை, விலையும் கிடைக்குமிடமும் சேர்த்து, ஞாயிறு இணைப்பில் போடுங்கள். என்னிடமுள்ள 22 புத்தகங்களின் பட்டியலைப் பதிப்பகப் பெயர்களோடு எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுக்குக் கிட்டத்தட்டப் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
தென்காசி மாவட்டம்.