31 சதுரங்கள் வந்து சேராத ஆண்டு: செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் என் வணக்கம். ‘நேரில் வந்திருக்கும்’ என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம் கோட்டோவியச் சங்கத்தின் கடந்த ஆண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் 11 நடந்தன. ஒன்று மழையால் நின்றது. செயற்குழு 5 முறை கூடியது. புதிய உறுப்பினர்களுக்கு நுண்முனைப் பேனாவைப் பிடித்துப் பழக 2 பயிற்சி வகுப்புகள் நடந்தன. வண்ணப் பென்சிலை அழுத்தாமல் அடுக்கடுக்காகத் தீட்டுவது குறித்து ஒரு செயல்விளக்கம் நடந்தது. மறைந்த உறுப்பினர் ஒருவருக்கு அஞ்சலி செலுத்தினோம்.

ரஷ்ய உளவியலாளர் பாவெல் பிஸ்கரியோவ் 2014இல் வகுத்த நியூரோகிராஃபிக்கா முறையை ஒரு மாலைப் பொழுதில் பழகிப் பார்த்தோம். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் உருவாகும் கூர்முனைகளை ஒவ்வொன்றாக வளைத்து மழுக்கிக்கொண்டே போகும் முறை அது. அப்படி மழுக்கும்போது கை நிதானப்படுவதை அன்று வந்தவர்கள் எல்லோரும் உணர்ந்தோம். மூளைக்குள் புதிய இணைப்புகள் உண்டாகின்றன என்றெல்லாம் அதற்கு மேல் உரிமை கொண்டாட வேண்டாம் என்று அன்றே சொன்னேன். இங்கும் பதிவு செய்கிறேன். நாம் நடத்துவது சிகிச்சை அல்ல. மனநலச் சிக்கலுக்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும். நாம் தருவது அரை மணி நேர அமைதி.

இனி, இந்த ஆண்டு என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட கூட்டுப் பலகை: உறுப்பினர்கள் வீட்டில் தீட்டிய சதுர அட்டைகளைச் சேர்த்து ஒரே படமாக்கும் வேலை. செயலாளர் தன் விருப்பத்துக்குச் சங்கத்தை இழுக்கிறார் என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. அதனால் நடந்ததை முழுவதும் சொல்கிறேன்.

பதிவேட்டில் நாம் 48 பேர். ஆளுக்கு 3 அட்டை என்றால் 144 அட்டைகள். வரிசைக்கு 12 வீதம் 12 வரிசை. ஒவ்வொரு அட்டையும் 3.5 அங்குலச் சதுரம். சிறு அட்டையைத் திரும்பத் திரும்ப வரும் கோட்டு வடிவங்களால் நிரப்பும் ஜென்டாங்கிள் முறையைத் தொடங்கிய ரிக் ராபர்ட்ஸும் மரியா தாமஸும் தேர்ந்துகொண்ட அளவு அது. உள்ளங்கையில் அடங்கும், ஒரே அமர்வில் முடியும், பெரிய தாளின் வெறுமை தரும் தயக்கம் இருக்காது. 12 அட்டைகளைச் சேர்த்து வைத்தால் 42 அங்குலம். அதாவது மூன்றரை அடிச் சதுரப் பலகை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் 144 அட்டைகளையும் தரையில் இடைவெளியில்லாமல் பரப்பினேன். முழங்காலிட்டு, பென்சிலை ஒரு மூலையில் ஊன்றி, கையை எடுக்காமல் ஒரே கோட்டை எல்லா அட்டைகளின் மேலும் சுற்றிச் சுற்றி இழுத்து, தொடங்கிய புள்ளியிலேயே கொண்டுவந்து சேர்த்தேன். அந்தக் கோடு எத்தனையோ இடங்களில் தன்னையே வெட்டிக்கொண்டு போகிறது. பிறகு ஒவ்வொரு அட்டையின் பின்னும் வரிசை எண், இட எண் குறித்தேன். நீங்கள் வாங்கிப்போன அட்டையில் மெலிதாக இருந்த பென்சில் கோடு அந்த நீண்ட கோட்டின் ஒரு துண்டு.

ஏன் ஒரே கோடு? எவ்வளவு சிக்கலாகக் கிறுக்கினாலும், தொடங்கிய இடத்தில் முடியும் ஒற்றைக் கோடு உண்டாக்கும் பகுதிகளுக்கு இரண்டே நிறங்கள் போதும். அடுத்தடுத்த பகுதிகள் ஒரே நிறமாக வரவே வராது. ஒரு பகுதியிலிருந்து படத்துக்கு வெளியே வர எத்தனை முறை கோட்டைத் தாண்டுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். ஒற்றைப்படை என்றால் ஒரு நிறம், இரட்டைப்படை என்றால் மற்றொன்று. பக்கத்துப் பகுதிக்குப் போக ஒரு கோட்டைத் தாண்ட வேண்டும், உடனே எண்ணிக்கை மாறிவிடும். பொதுவாக எந்த வரைபடத்துக்கும் நான்கு நிறங்கள் போதும் என்பதை நிறுவக் கணிதவியலாளர்கள் அப்பெல், ஹாக்கென் இருவருக்கும் 1976இல் கணினியின் துணை தேவைப்பட்டது. நம் ஒற்றைக் கோட்டுக்கோ விரல் விட்டு எண்ணினாலே போதும். அதனால்தான் ஒவ்வொரு அட்டையிலும் சிறு குறி இட்டு, குறி உள்ள பகுதிக்கு நீலச் சாயல்கள், குறியில்லாத பகுதிக்கு மஞ்சள் சாயல்கள் என்று கேட்டுக்கொண்டேன். 48 பேர் தனித்தனி வீடுகளில் உட்கார்ந்து தீட்டினாலும் சேர்த்து வைக்கும்போது நிறம் பிசகாது. பகுதிகளுக்குள் என்ன வடிவம் நிரப்புவது என்பது அவரவர் விருப்பம். கட்டமோ, அலையோ, விதை அடுக்கோ, எதுவானாலும் சரி.

வெற்று அட்டை கொடுத்திருந்தால் சுதந்திரமாக வரைந்திருப்போமே என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2005இல் கரி, காசர் என்ற ஆய்வாளர்கள் 84 கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். சிலருக்கு வட்டமான மண்டல வடிவம், சிலருக்குக் கட்டம் போட்ட வடிவம், சிலருக்கு வெற்றுத் தாள். 20 நிமிடம் வண்ணம் தீட்ட வேண்டும். முதல் இரண்டு குழுவினருக்கும் பதற்றம் குறைந்த அளவுக்கு வெற்றுத் தாள் பெற்றவர்களுக்குக் குறையவில்லை. கைக்குப் பிடிமானமாக ஒரு சட்டகம் இருந்தால் மனம் அலையாமல் இருக்கும் என்று நான் புரிந்துகொண்டேன். அந்தப் பென்சில் கோடு நான் உங்களுக்குப் போட்ட விலங்கு அல்ல, பிடித்து நடக்கக் கொடுத்த கைப்பிடி.

7ஆம் வரிசையின் 4ஆம் அட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் மூத்த உறுப்பினர் ஒருவருக்குக் கை நடுக்கம் உண்டு. முதல் கோடே நடுங்கியதும் அட்டையைத் திருப்பிக் கொடுக்க எழுந்தார். நம் கூட்டங்களில் அழிப்பான் கிடையாது என்ற விதியை அன்று அவரிடம் சற்றுத் தயக்கத்துடன்தான் நினைவுபடுத்தினேன். அந்த நடுக்கத்தை ஒட்டியே இன்னொரு கோடு போடுங்கள், அதை ஒட்டி இன்னொன்று, இடைவெளி மட்டும் ஒரே அளவாக இருக்கட்டும் என்றேன். நாற்பது நிமிடம் தலை நிமிராமல் போட்டார். ஒவ்வொரு நடுக்கமும் பக்கத்துக் கோட்டில் எதிரொலித்து, அது அடுத்ததில் எதிரொலித்து, அறுத்த மரப்பலகையின் வரிகளைப் போல அட்டை முழுதும் படர்ந்துவிட்டது. கடைசியில் மென்பென்சிலால் மேடு பள்ளத்துக்கு நிழல் இட்டு, காகிதச் சுருளால் தேய்த்துவிட்டார். வந்த 113 அட்டைகளில் நான் அதிக நேரம் கையில் வைத்துப் பார்த்தது அதைத்தான்.

ஆம், வந்தவை 113. வராதவை 31. அவற்றில் 22 உங்கள் வீடுகளில் இருக்கின்றன. மீதி 9 அட்டைகளை வாங்கிக்கொள்ளவே 3 உறுப்பினர்கள் ஆண்டு முழுவதும் வரவில்லை. இது சாதாரண ஓவியக் கண்காட்சி என்றால் 31 படம் குறைந்ததாக எண்ணி நகர்ந்துவிடலாம். இங்கே ஓடுவது ஒரே கோடு. ஓர் அட்டை இல்லையென்றால் மேலும் கீழும் இடமும் வலமும் உள்ள நான்கு அட்டைகளின் கோடுகள் விளிம்பில் வந்து வெட்டவெளியைப் பார்த்து நிற்கின்றன. பக்கத்து அட்டைக்காரர் பொறுமையாகப் போட்டதும் அறுந்து கிடக்கிறது. போன மாதம் பலகையை அடுக்கிப் பார்த்தபோது ஓர் உறுப்பினர் தன் அட்டைக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைத் தொட்டு, “இது யாருடையது?” என்று கேட்டார். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

தாளுக்கும் பேனாவுக்கும் அதிகம் செலவிட்டேன் என்ற குறைக்கும் பதில் சொல்ல வேண்டும். நகல் எடுக்கும் 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) தாளில் முதலில் முயன்றோம். ஒரே இடத்தில் இரண்டாம் முறை கோடு போட்டதும் தாளின் நார் கிளம்பிப் பேனா முனையை அடைத்தது; மை கசிந்து கோட்டின் ஓரம் மயிரிழைகள் போலப் பிரிந்தது; தூரிகை ஈரம் பட்டதும் தாள் நெளிந்தது. சாதாரணச் சாய மை நீரில் கரைந்து வண்ணத்தையே கறுப்பாக்கிவிடும். நிறமித் துகள் கலந்த மை காய்ந்தபின் கரையாது, எளிதில் வெளிறவும் செய்யாது. 300 ஜி.எஸ்.எம். அட்டையும் 0.25 மி.மீ. நிறமி மைப் பேனாவும் வாங்கியது இதனால்தான். மறுபடியும் வாங்கச் சொன்னால் அவற்றையே வாங்குவேன்.

தலைவர் பேசும்போது உறுப்பினர்கள் குனிந்து கோடு போடுவது மரியாதைக் குறைவு என்று செயற்குழுவில் எழுந்த ஆட்சேபத்தை மதிக்கிறேன். ஆனால் ஜாக்கி ஆண்ட்ரேட் என்ற உளவியலாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வை நினைவூட்ட விரும்புகிறேன். 40 பேருக்கு இரண்டரை நிமிடச் சலிப்பூட்டும் தொலைபேசிப் பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். அச்சிட்ட சிறு வடிவங்களை நிரப்பிக்கொண்டே கேட்டவர்கள், சும்மா கேட்டவர்களைவிட 29 விழுக்காடு அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். அவர்கள் செய்தது எளிய நிரப்பல்தான். சிக்கலான வடிவம் அல்ல. ஆகவே அறிக்கைகள் வாசிக்கும் நேரத்தில் எளிய நிரப்பல் மட்டும், நுட்பமான வடிவங்கள் அமைதி அரைமணியில் மட்டும் என்ற என் ஏற்பாடு தொடர அனுமதி கேட்கிறேன். கைப்பேசி அணைந்திருக்க வேண்டும் என்ற விதியில் மட்டும் தளர்வு கேட்காதீர்கள்.

வரவு, சந்தாவிலிருந்தும் சில நன்கொடைகளிலிருந்தும் வந்தது. செலவு அட்டை, பேனா, அறை வாடகை, தபால், இதரம் என்று போனது. கையிருப்பு சிறிதளவு உள்ளது. விவரத்தைப் பொருளாளர் தயாரித்து வருகிறார். தணிக்கை முடிந்ததும் பார்வைக்கு வைக்கப்படும்.

சந்தா செலுத்தாதவர்கள் 18 பேர். பட்டியல் என்னிடம் உள்ளது, வாசிக்கப் போவதில்லை. ஒவ்வொருவருக்கும் 3 முறையாவது தொலைபேசியில் நினைவூட்டினேன். பெரும்பாலும் கிடைத்த பதில் “அடுத்த கூட்டத்தில் தருகிறேன்”. அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் வரவில்லை. சராசரி வருகை 17 பேர். ஒரு உறுப்பினர் மட்டும் வெளிப்படையாகக் கேட்டார்: “ஒரு பேனா, ஒரு தாள் இருந்தால் வீட்டிலேயே வரையலாமே, சங்கம் எதற்கு?” அன்று எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன். வீட்டில் வரையலாம், நானும் வரைகிறேன். பத்தாவது நிமிடம் எழுந்து அடுப்பையோ கைப்பேசியையோ பார்க்கப் போய்விடுகிறேன். இங்கே 17 பேனாக்கள் தாளில் உரசும் ஓசை மட்டும் கேட்கும் அறையில் என்னால் எழ முடிவதில்லை. பக்கத்தில் இருப்பவர் மூச்சு நிதானமாவது எனக்கும் கேட்கிறது. அதற்குத்தான் சந்தா.

ஆண்டு முழுதும் வழிகாட்டிய தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், அறையைத் திறந்து மூடிய காவலர், நன்கொடையாளர்கள் அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி ஒளிக்காமல் பேசுகிறேன். மூன்று ஆண்டுகளாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். விலகிக்கொள்ளும் கடிதத்தை எழுதியும் வைத்தேன். பலகை முடியாமல் அதைக் கொடுக்க மனம் வரவில்லை. யாராவது இந்தப் பொறுப்பை ஏற்க முன்வந்தால் கணக்கும் பதிவேடும் இன்றே ஒப்படைக்கிறேன். பலகை வேலையை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள். 22 அட்டைகளை வைத்திருப்பவர்கள் முடிக்காவிட்டாலும் பரவாயில்லை, பாதியில் நின்றதாகவே கொண்டுவாருங்கள், உட்கார்ந்து சேர்ந்து முடிக்கலாம். மை கொட்டிப் பாழாகிவிட்டது என்றால் எண்ணைச் சொல்லுங்கள், பக்கத்து அட்டைகளின் விளிம்பைப் பார்த்து அந்தத் துண்டுக் கோட்டை நான் மீண்டும் போட்டுத் தருகிறேன். சந்தா நிலுவை உள்ளவர்கள் அதற்காக வெட்கப்பட்டு வராமல் இருக்க வேண்டாம். முதலில் அட்டை வரட்டும்.

யாரும் வாங்காத 9 அட்டைகளை வாசலருகே மேசையில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் மூடியோடு 4 பேனாக்கள் இருக்கின்றன. தேநீர் நேரம் அரை மணி.

இவண்,
செயலாளர்