அன்று கெட்டது கேபிள் இல்லை

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தள்ளிப்போனதற்கு வலது மணிக்கட்டுதான் காரணம். மவுஸைப் பிடித்துப் பிடித்தே வலி வந்துவிட்டது. இரண்டு மாதம் அந்தக் கைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதையும் இடது கையால்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் மகன் ஏதோ கேமை இஷ்டப்படி மாற்றும் மோட் எழுதுகிறான் என்றும், "உங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சாப்பா?" என்று கேட்டான் என்றும் எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனசு உறுத்துகிறது. அவனுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. அதை முதலில் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ரெட் அலர்ட் என்ற யுத்த கேமை ஆடிய நாட்களை நினைத்துப் பார். ஒரே பெட்டியில் வந்த இரண்டு சிடியில் சோவியத் தரப்பு உனக்கு, அதன் எதிரி அல்லீஸ் எனக்கு. ஒரே அறையில் இரண்டு கம்ப்யூட்டர், நடுவில் ஒரு சீரியல் கேபிள். ஒருநாள் ஆட்டம் சூடு பிடிக்கும்போது 'அவுட் ஆஃப் சிங்க்' (இரண்டு கம்ப்யூட்டரும் ஒத்துப்போகவில்லை) என்று வந்து நின்றுபோனது. திரும்ப ஆரம்பித்தோம், திரும்பவும் நின்றது. நீ கேபிளைப் பிடுங்கி மாட்டினாய், ஊதினாய், விற்றவனைத் திட்டினாய். பக்கத்தில் உட்கார்ந்து நானும் சேர்ந்து திட்டினேன்.

கேபிளில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு என் கம்ப்யூட்டரில் இருந்தது.

அதற்கு முந்தின வாரம் யாரோ ஒரு ஃப்ளாப்பியில் ரூல்ஸ்.ஐஎன்ஐ என்ற கேமின் விதி ஃபைலைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். நோட்பேடில் திறந்தால் மொத்த யுத்தமும் வரி வரியாக எழுதிக் கிடக்கிறது. டேங்கின் விலை, நாயின் வேகம், எல்லாம். அரைப்புள்ளி போட்டு, எந்த எண் எதற்கு என்று பக்கத்திலேயே குறிப்பு வேறு. தாதுவை அள்ளிவந்து காசாக்கும் லாரி ஒரு நடைக்கு 28 கட்டு சுமக்கும், ஒரு கட்டுக்கு 25 கிரெடிட், அதாவது கேமின் காசு. ஆக ஒரு நடைக்கு 700. ரத்தினக்கல் என்றால் கட்டுக்கு 50, நடைக்கு 1400. அத்தனை நாள் திரையில் பார்த்த 700 எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த 25ஐ அழித்து 100 என்று போட்டேன். கேம் இருக்கிற ஃபோல்டரில் அந்த ஃபைலை வைத்தால் போதும், அது எடுத்துக்கொள்ளும்.

முதலில் கம்ப்யூட்டரோடுதான் ஆடிப் பார்த்தேன். செம அடி. விதி எல்லோருக்கும் பொது என்பது என் மண்டைக்கு ஏறவில்லை. எனக்கு நடைக்கு 2800 என்றால் எதிரிக்கும் 2800தானே! அவன் டேங்க்குகளாகப் பெற்றுத் தள்ளினான். அப்புறம்தான் அந்தக் கள்ள யோசனை வந்தது: உன் கம்ப்யூட்டரில் பழைய ஃபைல், என்னுடையதில் புதுசு.

ஏன் நின்றது என்பதைப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். அந்தக் கேபிளில் டேங்க்குகளோ பணமோ போகவில்லை. நீயும் நானும் கொடுத்த கட்டளைகள் மட்டும்தான் போயின. இதை இங்கே கட்டு, அவனைச் சுடு, அவ்வளவுதான். மற்றதையெல்லாம் இரண்டு கம்ப்யூட்டரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டன. விதி ஒன்றாக இருந்தால் விடையும் ஒன்றாக வரும், அந்த நம்பிக்கையில்தான் முழு ஆட்டமும் ஓடியது. என் லாரி ரிஃபைனரியில் கொட்டியபோது என் கம்ப்யூட்டர் 2800 என்றது, உன்னுடையது அதே லாரிக்கு 700தான் எழுதியது. அந்தக் காசில் நான் டேங்க் கட்டச் சொன்னால், என் திரையில் டேங்க் நிற்கிறது, உன் கம்ப்யூட்டர் கணக்கில் அதற்குக் காசே இல்லை. இரண்டும் அவ்வப்போது கணக்கை ஒத்துப் பார்த்துக்கொள்ளும். ஒத்து வராவிட்டால் ஆட்டம் முடிந்தது.

சரி, இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. மன்னித்துவிடு.

இன்னொன்று கவனித்தாயா? அந்த அறையில் இசைக்கு மட்டும் சிங்க் தேவைப்படவில்லை. ஆப்ஷன்ஸில் பாட்டுப் பட்டியல் இருக்கும், அவரவர் கம்ப்யூட்டரில் அவரவர் இஷ்டம். கேமுக்கு இசையமைத்த ஃபிராங்க் கிளெபாக்கியின் அந்த பூட்ஸ் சத்தத்தோடு தொடங்கும் மார்ச்சை நாம் இரண்டு பேருமே போடுவோம், உன்னுடையது இரண்டு விநாடி பிந்தி வரும். இப்போதும் அந்தப் பாட்டு எனக்கு எதிரொலியோடுதான் ஞாபகம் வருகிறது. 2020இல் ரீமாஸ்டர் வந்தபோது அவரே ஒரு குழுவோடு பழைய பாட்டுகளைத் திரும்ப வாசித்தார். கேட்டேன், நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு ஸ்பீக்கரிலிருந்து வருகிறது!

இடது கையால் சண்டை போட முடியாது என்பதால் இந்த வாரங்களில் நான் சேகரிப்பு மட்டும்தான் செய்கிறேன். சுலப லெவலில் வைத்துவிட்டு லாரி போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். தாதுத் திட்டு கரைவதும் மெல்ல மறுபடி பரவுவதும் அழகு. ரத்தினக்கல் போனால் போனதுதான், வளராது. பக்கத்துத் திட்டு காலியானால் அந்த அசட்டு லாரி எதிரியின் வாசலுக்கே கிளம்பிவிடும், அந்தப் புத்தி மட்டும் மாறவேயில்லை. இதையெல்லாம் அன்று நாம் பார்த்ததே இல்லை, ஆனால் அன்றும் பாட்டு காதில் ஏறியது லாரி சேகரிக்கும் நேரத்தில்தான். சண்டை வந்துவிட்டால் வெடிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

ஸ்டார்கிராஃப்ட் என்ற கேமிலும் அப்படித்தான். 1998இல் வந்தபோது நாலே நாலு வேலையாட்கள், கையில் 50 மினரல். ஒருவன் ஒரு நடைக்கு 8 கொண்டுவருவான், அடுத்த ஆளுக்கு 50 சேரும்வரை டெர்ரன் என்ற மனிதர் தரப்பின் அந்த கிட்டாரைக் கேட்டுக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. இரண்டாம் பாகம் 2010இல் ஆறு பேரோடு தொடங்கியது, 2015 விரிவாக்கத்தில் பன்னிரண்டாக்கிவிட்டார்கள். போட்டி ஆடுகிறவர்களுக்கு அது சரிதான். எனக்கு அது கச்சேரியில் ஆலாபனையை வெட்டியது மாதிரி.

டோட்டல் அனைஹிலேஷன் கேம் உனக்குப் பிடிக்கும் என்று தெரியும். அதில் லாரி கிடையாது, உலோகமும் மின்சாரமும் குழாயில் வருகிற மாதிரி வந்துகொண்டே இருக்கும். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான், ஆனால் வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லை. ஜெரமி சோல் போட்ட ஆர்கெஸ்ட்ரா இசைக்காக அந்த சிடியைப் பாட்டு பிளேயரில் போட்டு, முதல் டிராக்கைத் தாண்டி இரண்டிலிருந்து கேட்போமே, அதுதான் அதில் எனக்கு மிச்சம்.

மகனுக்கு இரண்டு செய்தி. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கேமுக்கு ரசிகர்கள் செய்த ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்ற மோட்தான் 2013இல் அதிகாரபூர்வ விரிவாக்கமாக வெளிவந்தது. (2022இல் வந்த இன்னொரு விரிவாக்கத்தில் திராவிடர் என்று ஒரு நாகரிகம் இருக்கிறது. வில்லேஜரை கிளிக் செய்தால் தமிழில் பதில் வருகிறது. முதல் தடவை கேட்டபோது விறகு வெட்டச் சொல்லவே கூச்சமாக இருந்தது.) இரண்டாவது, 2025 பிப்ரவரியில் ரெட் அலர்டின் மூல நிரலையே, யாரும் மாற்றிப் பகிரக்கூடிய ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். நான் ஒரு எண்ணை மாற்றியதோடு நின்றேன், அவன் லாரியின் புத்தியையே திருத்தலாம்.

கை சரியானதும் ஒரு ஆட்டம் போடலாமா? என் ரூல்ஸ் ஃபைலை முன்கூட்டியே உனக்கு அனுப்பிவிடுகிறேன், நீயே சரிபார்த்துக்கொள். அல்லீஸ் சிடி என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. சோவியத் சிடி உன்னிடம்தானே?

அன்புடன்,
செல்வா