நின்றது இறக்குமதிதான், கம்பெனிகள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டாம் உலகப் போரும் இந்தியத் தொழில்களும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் பெயின்டுக்கு ஒரே ஒரு பத்தி கிடைத்திருந்தது. போர் வந்ததும் வெளிநாட்டு பெயின்ட் கம்பெனிகள் ஒதுங்கிக்கொண்டன, அந்த இடைவெளியில் பம்பாயில் ஏசியன் பெயின்ட்ஸ் பிறந்தது என்று எழுதியிருந்தார்கள். நாகர்கோவிலில் நாற்பது வருஷம் பெயின்ட் கடை வைத்திருந்தவன் நான். இதில் பாதியை மறுக்க வேண்டியிருக்கிறது.

பிறந்தது சரி. 1942 பிப்ரவரியில் நான்கு நண்பர்கள் ஒரு கராஜில் தொடங்கினார்கள். பெயரைக்கூட டெலிபோன் டைரக்டரியைப் புரட்டித்தான் எடுத்தார்கள் என்பார்கள். பெயின்ட் இறக்குமதிக்கு அப்போது தடை இருந்ததால்தான் அவர்களுக்கு இறங்கிப் பார்க்கும் துணிச்சல் வந்தது. ஆனால் ஒதுங்கியது யார்? கப்பலில் வந்துகொண்டிருந்த டப்பாக்கள் மட்டுமே. இந்த மண்ணிலேயே ஆலை வைத்து டப்பாவை நிரப்பிக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கம்பெனிகள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

ஹூக்ளி ஆற்றங்கரையில், ஹௌராவில், 1902-லேயே இரண்டு ஆங்கிலேயர்கள் ஷாலிமார் பெயின்ட் ஆலையைத் தொடங்கிவிட்டார்கள். 1928-ல் அது பிஞ்சின் ஜான்சன் என்ற இங்கிலாந்து கம்பெனியின் கைக்குப் போனது. கல்கத்தாவில் 1923-ல் ஹாட்ஃபீல்ட்ஸ் என்ற பெயின்ட் கம்பெனி வந்தது. பம்பாய் லோயர் பரேலில் 1920-ல் ககான் பெயின்ட் என்று தொடங்கியதை 1933-ல் இங்கிலாந்தின் ஈயக் கம்பெனிக் குழுமம் ஒன்று வாங்கி, குட்லாஸ் வால் என்று பெயர் மாற்றியது. இன்றைய நெரோலாக்கின் பூர்வீகம் அதுதான். இறக்குமதித் தடையால் இவர்களுக்கு நஷ்டமா என்ன? கப்பலில் வந்த போட்டி ஒழிந்தது. ராணுவமும் ரயில்வேயும் கேட்ட சரக்குக்கு ஆலை இங்கேயே இருந்தது.

போர்க்கால ஆசியா முழுவதும் இப்படி இருக்கவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பானியர்கள் ஷாங்காயின் சர்வதேசக் குடியிருப்புக்குள் நுழைந்ததும் அங்கே பிரிட்டிஷ், அமெரிக்கக் கம்பெனிகள் எதிரிச் சொத்தாயின. 1943-ல் அந்த நாட்டுக்காரர்களையே முகாமில் அடைத்தார்கள். கல்கத்தா தப்பியதும் மயிரிழையில்தான். 1942 டிசம்பர் 20 இரவு முதல் அங்கே குண்டு விழுந்தது. விக்டோரியா நினைவு மண்டபத்தின் வெள்ளைப் பளிங்குக்குக் கறுப்புப் பூசி மறைத்தார்கள். புது ஹௌரா பாலத்தை 1943 பிப்ரவரியில் விழா எதுவும் இல்லாமல் திறந்துவிட்டார்கள். ரங்கூன் வரை வந்தவர்கள் ஹூக்ளி வரை வந்திருந்தால் ஷாலிமாரின் கதையும் வேறு மாதிரி போயிருக்கும்.

கட்டுரையில் அடியோடு விட்டுப்போனது எங்கள் ஊர் மணல். பெயின்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் வெள்ளைக்கு மூலப்பொருள் இல்மனைட் என்ற கருமணல். அது மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கிறது. அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். ஆரம்பத்தில் காஸ் விளக்கு மேண்டிலுக்கு வேண்டிய மோனசைட்டுக்காகத்தான் வெளிநாட்டார் இங்கே மணல் அள்ளினார்கள். கூடவே வந்த இல்மனைட்டைச் சீந்துவார் இல்லை. டைட்டானியம் வெள்ளை பிரபலமான பிறகு அதற்கு மவுசு வந்தது. ஹாப்கின் அண்ட் வில்லியம்ஸ் போன்ற இங்கிலாந்து கம்பெனிகள் அள்ளி அனுப்ப, அமெரிக்க ஆலைகளே இந்தக் கரையை நம்பியிருந்தன.

போரில் கப்பல் போக்குவரத்து ஆபத்தானதும் அமெரிக்காவின் நேஷனல் லெட் கம்பெனி நியூயார்க் மாநில மலைக்காட்டில் டஹாவஸ் என்ற இடத்தில் புதிதாகச் சுரங்கம் திறந்தது. நூறு வருஷத்துக்கு முன்பு அங்கே இரும்பு எடுக்கப் பார்த்தவர்களுக்கு, தாதுவில் கலந்திருந்த டைட்டானியம்தான் பெரிய தொல்லையாக இருந்ததாம். சுரங்கத்தையே கைவிட்டுப் போனார்கள். எங்கள் மணலுக்கு வழி அடைபட்டதும் அந்தத் தொல்லைக்கு விலை வந்துவிட்டது. இங்கேயே டைட்டானியம் வெள்ளை செய்வதற்கு திருவனந்தபுரத்தில் கம்பெனி வந்தது 1946-ல்தான். அதுவரை மணலாகப் போனதை வெள்ளையாகத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தோம்.

போர் நடந்தபோது என் அப்பா பெயின்டர். கடையில் கெட்டிக் குழம்பாக வரும் ஸ்டிஃப் பெயின்டும் இல்லை, அதை இளக்க ஆளிவிதை எண்ணெயும் இல்லை. கதவு நிலைகளுக்கெல்லாம் முந்திரிக்கொட்டை எண்ணெய்தான் பூசினோம், கை பொத்துப்போகும் என்று சொல்லியிருக்கிறார். சொந்த ஊர்க் கடற்கரையில் என்ன கிடக்கிறது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. எனக்கே கடை வைத்து வெகுநாள் கழித்து, சரக்குக் கொண்டுவந்த ஒரு கம்பெனி பிரதிநிதி சொல்லித்தான் தெரியும்.

அப்புறம் இன்னொன்று. கட்டுரையாளர் சொல்வதுபோல வெள்ளைக்காரக் கம்பெனிகள் போரோடு ஒதுங்கியிருந்தால், 1947 கடைசியில் ஹாட்ஃபீல்ட்ஸை இங்கிலாந்துக்காரர்களே விலைக்கு வாங்கி ‘பிரிட்டிஷ் பெயின்ட்ஸ்’ என்று புதுப் பலகை மாட்டியிருப்பார்களா? கொடி இறங்கிய அதே வருஷத்தில்! அந்தக் கம்பெனிதான் இன்றைய பெர்ஜர்.

‘வெளிநாட்டு பெயின்ட் கம்பெனிகள் ஒதுங்கின’ என்பதை ‘வெளிநாட்டு பெயின்ட் இறக்குமதி நின்றது’ என்று அடுத்த இதழில் திருத்திப் போட்டால் நன்றாக இருக்கும். மணவாளக்குறிச்சி பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்ட ஒரு பெயின்ட் வியாபாரி,
நாகர்கோவில்.