பச்சை இலை படம் போட்ட எண்ணெய்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"தாவர எண்ணெயில் செய்த ஆயில் வந்திருக்காமே, நம்ம மெஷினுக்கு ஒத்துக்குமா?" என்று இப்போது பலரும் கேட்கிறீர்கள். எங்கள் அம்பத்தூர் கடையில் எதை நம்பி விற்கிறோம், எதற்கு வேண்டாம் என்கிறோம் என்று எழுதிவிடுகிறோம்.

சப்ளையர்கள் முதலில் நீட்டுவது நாலு குண்டுச் சோதனை ரிப்போர்ட். 12.7 மி.மீ. எஃகுக் குண்டுகள் மூன்றை எண்ணெயில் அசையாமல் இறுக்கி, நான்காவதை அவற்றின் மேல் 40 கிலோ பாரத்தில் அழுத்தி, 75 டிகிரி சூட்டில், நிமிடத்துக்கு 1200 சுற்று வீதம் ஒரு மணி நேரம் சுழற்றுவார்கள். பிறகு கீழ்க் குண்டுகளில் விழுந்த தேய்மானத் தழும்பை மைக்ராஸ்கோப்பில் அளப்பார்கள். தழும்பு சிறுத்தால் எண்ணெய் தேறியது. ஆமணக்கும் புங்கமும் பொதுவாக இதில் நல்ல மார்க் வாங்கும். அவற்றின் மூலக்கூறு ஒரு முனையால் உலோகத்தைப் பற்றிக்கொண்டு மேலே மெல்லிய படலமாக நிற்பதால் உராய்வு குறைகிறது.

சரி, அப்புறம் என்ன தயக்கம்? சோதனை ஒரு மணி நேரம்தான். உங்கள் கியர்பாக்ஸ் வருடக்கணக்கில் ஓட வேண்டும். சூட்டிலும் காற்றிலும் தாவர எண்ணெய் ஆக்சிஜனை வாங்கிக் கெட்டியாகும். வடை சுடும் வாணலியின் விளிம்பில் பிசுக்குப் பிடிக்குமே, அதே சங்கதிதான் வால்வுக்குள்ளும். போதாக்குறைக்குச் சென்னைக் காற்றின் ஈரம். தண்ணீர் சேர்ந்தால் எண்ணெய் மெல்ல உடைந்து அமிலம் ஏறும். அதனால் நாங்கள் முதலில் கேட்பது ஆக்சிடேஷன் ரிப்போர்ட். எண்ணெய், தண்ணீர், செம்புக் கம்பிச் சுருள் மூன்றையும் ஆக்சிஜன் அடைத்த கலத்தில் போட்டு, 150 டிகிரியில் சுழலவிட்டு, அழுத்தம் சரிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பார்கள்; நிமிடம் கூடினால் எண்ணெய் அவ்வளவு தாங்கும். அந்தத் தாளைத் தர மழுப்புகிறவரின் சரக்கை நாங்கள் எடுப்பதில்லை, தழும்பு எவ்வளவு சிறிதாக இருந்தாலும்.

டப்பாவில் பச்சை இலை படம் போட்டுவிட்டால் மக்கும் எண்ணெய் ஆகிவிடாது. ஓஇசிடி என்ற சர்வதேச அமைப்பின் 301பி சோதனை முறையில் 28 நாளில் 60 சதவீதமாவது மக்கிக் கரியமில வாயுவாக மாற வேண்டும். அந்த ரிப்போர்ட்டையும் கேளுங்கள்.

எங்கள் கணிப்பில், எண்ணெய் ஓடும்போதே சிந்திப் போகும் வேலைகளுக்குத்தான் தாவர எண்ணெய் முதலில் பொருந்தும்: கன்வேயர் செயின், மர அறுவை ரம்பத்தின் செயின், சென்ட்ரிங் பலகைக்குப் பூசுவது. அங்கே எண்ணெய் பழசாகும் அளவுக்குத் தங்குவதே இல்லை. சிந்தியது மண்ணுக்குத்தான் போகிறது. ஹைட்ராலிக்குக்கு வெறும் தாவர எண்ணெய் வேண்டாம், சின்தெட்டிக் எஸ்டர் (ஆலையில் வேதிமுறையில் செய்த எண்ணெய்) கேளுங்கள். மாற்றும்போது டேங்க், பைப், சிலிண்டர் எல்லாம் வடித்து ஃபிளஷ் செய்ய வேண்டும்; பழைய மினரல் ஆயில் (பெட்ரோலிய எண்ணெய்) 2 சதவீதத்துக்கு மேல் தங்கக் கூடாது. சீல் எந்த ரப்பர் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா ரப்பருக்கும் இது ஒத்துக்காது. கொதிக்கக் கொதிக்க ஓடும் கம்ப்ரஸருக்குத் தாவர எண்ணெய் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வோம். விலையும் கூடுதல், மறைக்கவில்லை.

ஒன்று முக்கியம். மக்கும் எண்ணெய்தானே என்று வடித்ததைக் கால்வாயில் விடாதீர்கள். ஓடின எண்ணெயில் உலோகத் துகளும் பழைய ஆயிலும் கலந்திருக்கும். 2016 அபாயக் கழிவு விதிகளின்படி அதை அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும்.

கடைக்கு வரும்போது மெஷின் மாடல், இப்போது ஊற்றும் கிரேடு, டேங்க் கொள்ளளவு, ஓடும்போது எவ்வளவு சூடேறுகிறது என்று குறித்து வாருங்கள். செயின் ஆயிலுக்கு ஒரு லிட்டர் சாம்பிள் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் லூப்ரிகன்ட் கடை, அம்பத்தூர், சென்னை