'கர்ப்பிணிகளுக்கு ஏற்றது' என்று அச்சிட்ட அசாம்போய் (உப்பிட்டு உலர்த்திய பிளம்) பொட்டலம் பற்றிய புகார்

அனுப்புநர்: ஒரு பயனீட்டாளர், பட்டர்வொர்த், பினாங்கு.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

நான் ஆறு மாதக் கர்ப்பிணி. மசக்கையில் சோற்று வாடையே ஆகாமல் கிடந்தபோது வாய்க்குப் பிடித்தது உங்கள் அசாம்போய்தான். சௌராஸ்தா சந்தைப் பக்கம் யார் போனாலும் எனக்காக வாங்கி வருவார்கள். முன்பக்கத்தில் பச்சை இலைப் படம் போட்டு, 'இயற்கையானது, கர்ப்பிணிகளுக்கு ஏற்றது' என்று மலாயில் அச்சிட்டிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் சாப்பிட்டேன்.

பின்பக்கத்தில், ஒட்டிய ஓரத்துக்குள் பாதி மறைந்துபோன பொடி எழுத்தில், பிளம், உப்பு, சர்க்கரை, அதிமதுரம், அதற்குப் பிறகு 'அனுமதிக்கப்பட்ட இனிப்பூட்டி, நிறமி, பதனப்பொருள்' என்று இருக்கிறது. அவ்வளவுதான். எந்த இனிப்பூட்டி? சக்கரினா, சைக்ளமேட்டா? கொட்டையைத் துப்பிய பிறகும் நாக்கை விட்டுப் போகாத அந்தத் தித்திப்பும், அடியில் வரும் கசப்பும் வெறும் சர்க்கரையின் ருசி இல்லை.

உங்கள் சேவை எண்ணுக்கு அழைத்துக் கேட்டேன். "எல்லாம் அரசாங்கம் அனுமதிச்சதுதான் மேடம், பயப்படாம சாப்பிடுங்க" என்றார்கள். இந்தப் பதில்தான் என்னை எழுத வைத்தது.

அனுமதி அளவோடு சேர்ந்தது. உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, சக்கரினுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், சைக்ளமேட்டுக்கு 11 மில்லிகிராம் என்று நாள் வரம்பு வைத்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் சக்கரின் 300 மில்லிகிராம். இந்த வரம்புக்குள் இருந்தால் நான் பதற மாட்டேன். ஆனால் பொட்டலத்தில் எவ்வளவு என்று தெரியாமல் எதை வைத்துக் கணக்குப் பார்ப்பது? சக்கரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போகிறது.

அதைவிட அதிமதுரம்தான் எனக்குப் பெரிய கவலை. இருமலுக்குப் பாட்டி கொடுத்த மருந்து என்பதால் நம் வீடுகளில் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. அதிலுள்ள கிளிசிரைசின் மிகுந்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். பின்லாந்தில் கர்ப்பிணிகளுக்கு அதிமதுரம் வேண்டாம் என்றே சொல்கிறார்கள். போன முறை கிளினிக்கில் தாதி என் கர்ப்பகாலப் பதிவேடான பிங்க் புத்தகத்தில் ரத்த அழுத்தம் கூடியிருப்பதாகக் குறித்தார். உங்கள் பண்டம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மருத்துவர் "என்ன சாப்பிட்டீங்க, எவ்வளவு?" என்று கேட்டபோது, பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இதுதான் என் ஆத்திரம்.

இனிப்பூட்டி, நிறமி, பதனப்பொருள் ஒவ்வொன்றின் பெயரும், 100 கிராமில் அவை எவ்வளவு, அதிமதுரம் எவ்வளவு என்பதும் எழுத்தில் வேண்டும். எந்த ஆதாரத்தில் 'கர்ப்பிணிகளுக்கு ஏற்றது' என்று போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஆதாரம் இல்லையென்றால் அந்த வாசகத்தை உடனே எடுத்துவிடுங்கள்; கடைகளில் ஏற்கெனவே உள்ள பொட்டலங்களிலும் மறையுங்கள்.

இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால், இந்தக் கடிதமும் பொட்டலமும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் மாநிலச் சுகாதார இலாகாவுக்கும் போகும்.

இப்படிக்கு,
ஒரு பயனீட்டாளர்