கரண்ட் போன செவ்வாய்க்கிழமை

அம்மாபேட்டை, சேலம்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

நீ கேட்டு மூன்று மாதம் ஆகிறது. "பாப்பா பாடுவதைப் பதிவு செய்ய வீட்டிலேயே ஓர் அறை தயார் பண்ணப் போகிறேன், கையில் 40,000 இருக்கிறது, என்னென்ன வாங்கட்டும்?" என்று கேட்டாய். நான் பதிலே போடவில்லை. கோபமாக இருப்பாய். இதைப் படித்து முடித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. இங்கே எல்லோரும் சுகம். கொண்டலாம்பட்டி அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நம் தபேலாக்காரன் உன்னிடம் வாங்கியதை இன்னும் தரவில்லை, தரவும் மாட்டான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை உங்கம்மா என் வீட்டுக்கு வந்து பாடினார்கள். ஆமாம், அத்தையேதான். உனக்குப் பாடிய அந்தத் தாலாட்டை முழுசாக, ஒன்பது நிமிடம். பென் டிரைவில் போட்டு இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நீ தனியாக இருக்கும்போது கேள்.

இதற்காக நான் பட்ட பாட்டைச் சொன்னால்தான் நீ எதை வாங்க வேண்டும் என்பது உனக்குப் புரியும். நல்ல கண்டென்சர் மைக் ஒன்றை ஆசையாக வாங்கி வந்து முதல் நாளே போட்டேன். ஹெட்போனில் என்ன கேட்டது தெரியுமா? எதிர்வீட்டு விசைத்தறி, பக்கத்து வீட்டுக் குக்கர், அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி அதிர்கிற சத்தம், எல்லாம். என் குரல் மட்டும் எங்கேயோ பின்னால். கண்டென்சர் அப்படித்தான், பூனைக் காது. தெருவே இரைகிற இடத்தில் அதை வைக்கக் கூடாது. பெட்டியில் போட்டு மூடிவிட்டேன்.

அப்புறம் ஷூர் எஸ்.எம்.58 வாங்கினேன். நம் கச்சேரியில் வாயோடு வாயாக வைத்துப் பாடுவோமே, அதே மைக்தான். 1966-லிருந்து வருகிறது, டைனமிக் என்கிற வகை, கண்டென்சர் போலக் கூர்மையான காது இல்லை. கிட்டே பாடினால் மட்டுமே வாங்கும், பின்பக்கச் சத்தத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதனால் மைக்கின் முதுகு தெருவைப் பார்க்கும்படி வைத்தேன். ஒரு சாண் தூரத்துக்குள் பாடச் சொல். தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறைந்துவிடும், அறையின் எதிரொலி மட்டும் குறையாது. கடைகளில் யாரும் இதைச் சொல்வதில்லை. மைக்கின் விலையைத்தான் சொல்வார்கள்.

அறை விஷயத்தில் ஏமாந்துவிடாதே. முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் உள்ளே வராது என்று நம் கீபோர்டுக்காரன் சொல்வான், கேட்காதே. வெளிச்சத்தத்தைத் தடுப்பது கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும்தான். பஞ்சு உள்ளே எழும் எதிரொலியைத்தான் அடக்கும். ஆனால் அதை அருமையாக அடக்கும். அறை நடுவில் நின்று ஒரு கை தட்டிப் பார். 'டர்ர்' என்று சுவருக்குச் சுவர் ஓடினால் அந்த அறையில் எந்த மைக்கும் உதவாது. நான் பாட்டி காலத்து இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டைப் பரணிலிருந்து இறக்கி, பாடுகிறவருக்குப் பின்னாலும் பக்கத்திலும் நிறுத்தினேன். தரையில் பவானி ஜமுக்காளம். செலவே இல்லை. மறுபடி கை தட்டினேன், தட்டினதோடு நின்றுவிட்டது.

இவ்வளவு செய்தும் தறி போகவில்லை. அதோடு 50 ஹெர்ட்ஸில் ஒரு முனகல் வேறு. எங்கள் வீட்டு எர்த்திங் சரியில்லை. போன திங்கட்கிழமை பேப்பரில் பார்த்தேன்: செவ்வாய்க்கிழமை காலை 9 மணியிலிருந்து பராமரிப்புக்காக மின்தடை. எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. கரண்ட் இல்லாவிட்டால் தெருவில் ஒரு விசைத்தறியும் ஓடாது. லேப்டாப் பேட்டரியில் ஓடும். மைக்கை லேப்டாப்போடு இணைக்கிற பெட்டியான ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் இன்டர்ஃபேஸ் லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், கண்டென்சருக்கு வேண்டிய 48 வோல்ட்டையும் அதுவே கொடுக்கும். முனகலும் இருக்காது. அன்று ராத்திரியே அத்தையிடம் ஓடினேன்.

ஒன்பது மணிக்குத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. இந்தத் தெருவில் காகம் கத்துவது இவ்வளவு துல்லியமாகக் கேட்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். ஃபேன் இல்லை, அத்தைக்கு வேர்த்துக் கொட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "மைக்கைப் பார்த்தா வரமாட்டேங்குதுடா" என்றார்கள். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். மூடியதும் வலது கை தானாகத் தொடைக்குப் போனது. மடியில் பிள்ளை கிடப்பதுபோலத் தட்ட ஆரம்பித்தார்கள். அந்தத் தட்டும் பதிவில் இருக்கிறது. 'ஆராரோ' இழுவையின் முடிவில் மூச்சு வாங்குவதும், 'யார் அடித்தார்கள்' என்று கேட்கிற இடத்தில் குரல் உடைவதும் இருக்கின்றன. நான் ஒன்றையும் வெட்டவில்லை.

உனக்கு வருகிறேன். ஏற்காட்டில் உனக்குத் தறி இல்லை, அமைதி இலவசம். ஆனால் மழைக்காலத்தில் உன் தகரக் கூரையின் கீழ் கண்டென்சர் வேலைக்கு ஆகாது. மேகம் வீட்டுக்குள் வருகிற ஊரில் ஈரமும் அதற்கு ஆகாது. சிலிக்கா ஜெல் போட்டு மூடிய டப்பாவில் வை. முதலில் எஸ்.எம்.58 ஒன்று, இரண்டு மைக் போடுகிற இன்டர்ஃபேஸ் ஒன்று, காதை முழுக்க மூடும் ஹெட்போன், ஆடாத ஸ்டாண்ட், மைக்குக்கு நல்ல எக்ஸ்.எல்.ஆர் கேபிள், 'ப' சொல்லும்போது மைக்கில் அடிக்கிற காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர். இவ்வளவு போதும். ஸ்பீக்கரை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். மென்பொருளுக்குப் பணம் போடாதே, ஆடாசிட்டி இலவசம். ரீப்பர் என்கிற பதிவு மென்பொருளை 60 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம். 24 பிட்டில் எடு. பாப்பா உச்சத்தில் பாடும்போதும் ஒலி அளவு காட்டும் முள் மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். சைபரைத் தொட்டால் குரல் கிழியும், கிழிந்ததை யாராலும் தைக்க முடியாது. மிச்சப் பணத்தில் எர்த்திங்கைச் சரிபார். மெத்தை என்னிடம் இன்னும் ஒன்று இருக்கிறது.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன். பதிவை அத்தைக்கு ஹெட்போனில் போட்டுக் காட்டினேன். கடைசிவரை கேட்டார்கள். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு, தறிச் சத்தம் இல்லாம என்னமோ போல இருக்குடா" என்றார்கள். நான் அந்தச் சத்தத்தைத் துரத்த மூன்று மாதம் அலைந்திருக்கிறேன், மாப்ளே. மாமா குழியில் கால் வைத்து மிதித்துக் கையால் நெய்கிற குழித்தறியில் உட்கார்ந்திருக்க, அந்த மிதியின் தாளத்துக்குத்தான் அத்தை உனக்குப் பாடியிருக்கிறார்கள். தொடையில் தட்டிய தட்டு அந்தக் கணக்குதான். மறுபடி கேட்டுப் பார்த்தேன், ஒரு தட்டுகூடப் பிசகவில்லை.

எங்கள் தெருவில் குழித்தறி இருப்பது இப்போது கடைசி வீட்டில் மட்டும். அவருக்கும் முட்டி வலி. ஆடி கழிந்ததும் நிறுத்திவிடப் போவதாகச் சொல்கிறார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் மைக்கையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போய், ஊடைநூலைக் கொண்டு ஓடும் நாடா போய் வருவதையும் மிதியையும் இருபது நிமிடம் எடுத்து வந்தேன்.

பென் டிரைவில் இரண்டு ஃபைல் இருக்கிறது. முதலாவது அத்தை, இரண்டாவது தறி. ரீப்பரில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, தறியை 20 டெசிபல் இறக்கு. தட்டும் மிதியும் சேரும்படி நீ நகர்த்து. நான் முயன்று பார்க்கவில்லை, அதை நீதான் செய்ய வேண்டும். செய்து முடித்ததும் கீழே இறங்கி வா. அத்தைக்கு நீ போட்டுக் காட்டு. அடுத்த மின்தடை தேதி தெரிந்ததும் சொல்கிறேன், பாப்பாவையும் கூட்டி வா.

உன்,
அம்மாபேட்டைக்காரன்