பழைய கணினியைக் கொடுக்குமுன் அதிலுள்ள மின்னஞ்சல்களை எடுத்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் சிப் கொண்ட கணினிகளில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதும் இல்லை. அதனால் திருகோணமலையிலும் வீடு, கடை, அலுவலகம் என்று பலர் பழைய கணினியைக் கொடுத்துப் புதியதை வாங்க வேண்டியிருக்கிறது. அப்படி மாறும்போது பழைய மின்னஞ்சல்கள் எப்படித் தொலைகின்றன, தொலையாமல் எப்படிக் கொண்டுபோவது என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

தொலைவது சின்னப் பொருள் அல்ல. உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்கு அது பல வருட முன்பதிவுக் கணக்கு. 2004 சுனாமிக்குப் பின் வீட்டுத்திட்டங்களுக்காக எழுதிய கடிதங்களும் கனடாவிலும் லண்டனிலும் உள்ள பிள்ளைகள் அனுப்பிய படங்களும் அங்கேதான் கிடக்கின்றன. இடப்பெயர்வில் மூலப் பிரதி போன குடும்பத்துக்கு, யாரோ ஒருகாலம் ஸ்கேன் பண்ணி அனுப்பிய காணி உறுதி அந்த மின்னஞ்சலின் இணைப்பில் மட்டுமே இருக்கக்கூடும்.

"ஜிமெயில்தானே, எங்கேயும் திறந்து பார்க்கலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். உலாவியில் மட்டும் அஞ்சல் பார்ப்பவருக்கு அது சரி. தண்டர்பேர்ட், அவுட்லுக் போன்ற செயலிகளில் பார்ப்பவர் முதலில் தன் கணக்கின் வகையைப் பார்க்க வேண்டும். கணக்கு அமைப்பில் சேர்வர் வகை ஐமேப் (IMAP) என்றிருந்தால் அஞ்சல்கள் சேர்வரிலும், அதாவது அஞ்சல் நிறுவனத்தின் கணினியிலும், இருக்கும். பொப் (POP) என்றிருந்தால் அஞ்சல் கணினிக்கு இறங்கிய பின் பெரும்பாலும் சேர்வரிலிருந்து அழிந்துவிடும்; உடனே அழியாவிட்டாலும் 14 நாள் போன்ற ஒரு கெடு வைத்து அழியக்கூடும். இணைய நிறுவனங்கள் கொடுத்த பழைய முகவரிகள் பலவும் பொப்பில்தான் ஓடுகின்றன. ஐமேப் வைத்திருப்பவரும் முழுக்க நிம்மதியாக இருக்க முடியாது. தண்டர்பேர்டின் இடப்பக்கப் பட்டியலில் "லோக்கல் ஃபோல்டர்ஸ்" என்ற தலைப்பின் கீழ் இழுத்துப் போட்டவை எல்லாம் அந்த ஒரு கணினியில் மட்டுமே இருக்கும். சந்தேகம் இருந்தால் கைபேசியிலோ வேறொரு கணினியிலோ உலாவி வழியாக அதே முகவரிக்குள் போய்ப் பாருங்கள். அங்கே தெரியாத அஞ்சல் அந்த வன்தட்டில் மட்டும்தான் இருக்கிறது.

மாற்றித் தருபவர்கள் வழக்கமாக டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், படங்கள் ஆகியவற்றை எடுத்து வைத்துவிட்டுப் பழைய வன்தட்டை ஃபோர்மட் பண்ணிவிடுகிறார்கள். தண்டர்பேர்ட் அஞ்சல்கள் அந்த இடங்கள் எதிலும் இல்லை. அவை ஆப்டேட்டா என்ற மறைந்த கோப்புறைக்குள், ரோமிங் என்பதற்குள் இருக்கின்றன. விண்டோஸ் சாதாரணமாக அதைக் கண்ணில் காட்டாது. விண்டோஸ் சாவியையும் ஆர் சாவியையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் ஆப்டேட்டா என்ற சொல்லை ஆங்கில எழுத்தில், முன்னும் பின்னும் % குறியிட்டு (%appdata%) எழுதி என்டர் தட்டினால் நேரே ரோமிங் திறக்கும். அங்கேயே தண்டர்பேர்ட் கோப்புறை தெரியும்.

எடுக்கும் முறை இது. பழைய கணினியில் கடைசியாக ஒருமுறை அஞ்சலை இறக்கிவிட்டு இணையத்தைத் துண்டியுங்கள். இல்லாவிட்டால் நகலெடுத்த பிறகும் பொப் கணக்கு புதிய அஞ்சலைப் பழைய கணினிக்குள் இழுத்துக்கொண்டு, சேர்வரில் அழித்துவிடலாம். பிறகு தண்டர்பேர்டை முழுதாக மூடுங்கள். டாஸ்க் மேனேஜரில் அதன் பெயர் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். திறந்திருக்கும்போது எடுத்த நகல் பாதியில் அறுந்த கோப்பாக வரலாம். பின்னர் தண்டர்பேர்ட் கோப்புறையை அப்படியே முழுதாக எடுங்கள். உள்ளே புகுந்து எது வேண்டும், எது வேண்டாம் என்று பொறுக்குவதுதான் பெரும்பாலான இழப்புக்குக் காரணம். பெயருக்குப் பின்னால் புள்ளியும் எழுத்தும் இல்லாத கோப்புகளை "ஏதோ குப்பை" என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அஞ்சல் அனைத்தும் அந்தக் கோப்புகளில்தான். எஸ்பிடி என்று முடியும் கோப்புறைகள் துணைக் கோப்புறைகள். எம்எஸ்எஃப் என்று முடிபவை அட்டவணை. தொலைந்தாலும் தண்டர்பேர்ட் திரும்பக் கட்டிக்கொள்ளும். ஆனால் கோப்புறைப் பெயரில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி போல விண்டோஸ் ஏற்காத குறி இருந்தால், உண்மையான பெயர் எம்எஸ்எஃப் கோப்புக்குள் மட்டுமே இருக்கும். அதனால் அவற்றையும் சேர்த்தே எடுங்கள். சேமித்த கடவுச்சொற்களுக்கு லொகின்ஸ் கோப்பும் கீ4 கோப்பும் இரண்டும் வேண்டும், ஒன்று போனால் மற்றது உதவாது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சிலர் இடப் பற்றாக்குறையால் அஞ்சலை டீ ட்ரைவுக்கு மாற்றியிருப்பார்கள். கணக்கு அமைப்பில் சேர்வர் செட்டிங்ஸ் பக்கத்தின் அடியில் "லோக்கல் டிரெக்டரி" என்ற வரி உண்டு. அது ரோமிங்குக்கு வெளியே காட்டினால் அந்த இடத்தையும் தனியாக நகலெடுக்க வேண்டும்.

புதிய கணினியில் தண்டர்பேர்டை நிறுவி, ஒருமுறை திறந்து, கணக்கு எதுவும் போடாமல் மூடிவிடுங்கள். ரோமிங்குக்குள் புதிதாக உருவான தண்டர்பேர்ட் கோப்புறையின் பெயரை மாற்றி வைத்துவிட்டு, பழையதை அங்கே வையுங்கள். பழைய கணினியில் 32 பிட் பதிப்பும் புதியதில் 64 பிட் பதிப்பும் என்றால் தண்டர்பேர்ட் தன் பாட்டில் ஒரு வெற்று ப்ரொஃபைலை, அதாவது அஞ்சலும் அமைப்புகளும் இருக்கும் கோப்புறையை, திறந்து "கணக்கு போடுங்கள்" என்று கேட்கும். அஞ்சல் போய்விட்டது என்று பதறவேண்டாம். ஷோர்ட்கட்டின் முகவரியின் முடிவில் ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் ஆங்கிலப் பெரிய பி எழுத்தும் சேர்த்துத் திறந்தால் ப்ரொஃபைல் பட்டியல் வரும். பழையதைத் தேர்ந்தால் போதும். புதிய கணினியின் பதிப்பு பழையதைவிடக் கீழானதாக இருக்கக்கூடாது. இருந்தால் அந்த ப்ரொஃபைலைத் திறக்க மறுக்கும்.

அவுட்லுக் வைத்திருப்பவர்கள் ஃபைல் மெனுவில் அக்கவுண்ட் செட்டிங்ஸ், அதில் டேட்டா ஃபைல்ஸ் பார்த்தால் கோப்புகளின் பெயரும் இடமும் வரிசையாக வரும். பிஎஸ்டி என்று முடிபவற்றை அவுட்லுக்கை மூடிவிட்டு நகலெடுக்கலாம். ஆர்க்கைவ் பிஎஸ்டி தனிக் கோப்பு. பழைய வருடங்கள் அதற்குள் போயிருக்கும், அதை மறப்பவர்கள் அதிகம். ஓஎஸ்டி என்று முடிவது வேறு விடயம். அது சேர்வர் அஞ்சலின் பிரதி, அந்தக் கணினியின் அந்தக் கணக்கோடு கட்டுப்பட்டது. வேறு கணினிக்குக் கொண்டுபோனால் திறக்காது. அதில் தேவையானது இருந்தால் பழைய கணினி ஓடும்போதே "இம்போர்ட் எக்ஸ்போர்ட்" வழியாக, துணைக் கோப்புறைகளையும் சேர்க்கும் பெட்டியில் சரி போட்டு, பிஎஸ்டியாக எடுத்துவிட வேண்டும். புதிய கணினியில் பிஎஸ்டியை இம்போர்ட் பண்ணாமல், "ஓபன் அவுட்லுக் டேட்டா ஃபைல்" என்று நேரே திறப்பது நல்லது, இரட்டிப்பு வராது. பென்டிரைவிலேயே வைத்துத் திறக்காதீர்கள், வன்தட்டுக்கு மாற்றிவிட்டுத் திறவுங்கள். ஒன்ட்ரைவ் பார்த்துக்கொண்டிருக்கும் டொக்கியுமென்ட்ஸுக்குள்ளும் வைக்காதீர்கள், அது கோப்பைப் பிடித்துக்கொண்டு தொந்தரவு தரும். விண்டோஸ் 11இல் இலவசமாக வரும் புதிய அவுட்லுக்கை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். பிஎஸ்டிக்குப் பழைய கிளாசிக் அவுட்லுக்தான் பொருத்தம்.

விண்டோஸ் எக்ஸ்பியின் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் கோப்புகளை இன்றைய செயலிகள் நேரடியாக ஏற்காது. அந்தக் கணினி இன்னும் எழும்புமானால், அஞ்சல்களைத் தேர்ந்து ஒரு சாதாரணக் கோப்புறைக்கு இழுத்துவிடுங்கள். ஒவ்வொன்றும் ஈஎம்எல் கோப்பாக மாறும். விண்டோஸ் லைவ் மெயில் முதலிலிருந்தே ஈஎம்எல்லாகத்தான் சேமிக்கிறது. இரண்டையும் தண்டர்பேர்டில் இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி என்ற துணைச்செயலி மூலம் உள்ளே எடுக்கலாம்.

பென்டிரைவில் எடுக்கும்போது "கோப்பு மிகப் பெரியது" என்று வந்தால் பென்டிரைவில் இடமில்லை என்று அர்த்தமல்ல. ஃபாட்32 முறையில் ஃபோர்மட் ஆனதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு நுழையாது. பல வருட இன்பொக்ஸ் அதைத் தாண்டிவிடும். பென்டிரைவில் உள்ளதை வேறு இடத்துக்கு எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றுங்கள். மின் போகக்கூடிய நேரத்தில் யூபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். நகலெடுக்குமுன் அஞ்சல் கோப்புகளைச் செயலிக்குள்ளேயே சுருக்கச் (கொம்பக்ட் பண்ணச்) சொல்வார்கள், இடம் மிச்சமாகும் என்பதும் உண்மை. ஆனால் சுருக்கும்போது கோப்பு முழுவதும் புதிதாக எழுதப்படுகிறது; கடற்காற்றிலும் ஈரத்திலும் வருடக்கணக்காக நின்ற வன்தட்டு அந்த வேலையிலேயே விழுந்துவிடலாம். முதலில் நகல், சுருக்குவது புதிய கணினியில் என்பதே எங்கள் கருத்து.

கணினி எழும்பாவிட்டாலும் வன்தட்டு உயிரோடு இருக்கக்கூடும். கழற்றி யூஎஸ்பி அடப்டரில் பூட்டி, யூசர்ஸ் கோப்புறைக்குள் உரியவர் பெயர் வழியாக ஆப்டேட்டாவுக்குப் போகலாம். பிட்லொக்கர் பூட்டு கேட்டால் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அது வழக்கமாக அவரவர் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும்.

மாற்றி முடிந்ததும் பழைய தமிழ் அஞ்சல்கள் சில ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியலாம். அஞ்சல் கெட்டுவிடவில்லை. அவை யூனிகோட் பரவுமுன் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை, புதிய கணினியில் பாமினி இல்லை, அவ்வளவுதான். பழைய கணினியின் ஃபொன்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினியையும் நீங்கள் பாவித்த மற்ற எழுத்துருக்களையும் எடுத்து வந்து நிறுவினால் பெரும்பாலும் தமிழ் திரும்பிவரும். இதை அறியாமல் அத்தகைய அஞ்சல்களை "வைரஸ்" என்று அழித்தவர்களும் உண்டு.

சரிபார்க்க ஒரே வழி எண்ணிப் பார்ப்பதுதான். ஒவ்வொரு கோப்புறையிலும் எத்தனை அஞ்சல் என்று செயலியின் அடிப்பட்டையில் தெரியும். பழைய கணினியின் எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதிவைத்துப் புதியதோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு வருடத்திலும் இணைப்புள்ள ஓர் அஞ்சலைத் திறந்து பாருங்கள். தண்டர்பேர்டில் கோப்புறை வெறுமையாகத் தெரிந்தால் வலது சொடுக்கில் ப்ரொப்பர்ட்டீஸ், அதில் ரிப்பெயர் ஃபோல்டர். பெரும்பாலும் அதோடு தீரும். தேடலில் எதுவும் வராவிட்டால் சில மணி நேரம் பொறுங்கள், அட்டவணை புதிதாகக் கட்டப்படுகிறது.

கணினி விற்பவர்களிடமும் திருத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பழைய கணினியை வாங்கும்போது "அஞ்சல் எந்தச் செயலியில் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டு, பதிலைப் பற்றுச்சீட்டில் எழுதுங்கள். வாடிக்கையாளர் எண்ணிக்கை சரி என்று சொல்லும்வரை, குறைந்தது ஒரு மாதம், பழைய வன்தட்டை ஃபோர்மட் பண்ணாமல் வையுங்கள். அதற்கு நியாயமான கட்டணம் கேட்டாலும் யாரும் மறுக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
கணினி திருத்தும் தொழிலில் உள்ளோர் சிலர்,
திருகோணமலை.